ஒரு நீல வரிக்கு நூற்றெண்பது வெள்ளி

கெரிஞ்சியில் பதினேழாம் மாடி.
என் வேலை
பிறர் வாயிலிருந்து புகழ் வாங்குவது.
பெயர் அட்டையில் 'வளர்ச்சி ஆலோசகர்'.
அம்மா கேட்டால் கம்ப்யூட்டர் வேலை என்பேன்.

தேடுபொறிக்கு ஒரு பழக்கம்:
நாலு பேர் கை காட்டினால்
அதுதான் நல்ல கடை என்று நம்பிவிடும்.
அந்த நாலு பேரை நான் விலைக்குப் பிடிப்பேன்,
கூலிக்கு மாரடிக்க ஆள் பிடிப்பதுபோல.
இழவு யார் வீட்டில் என்றுகூட
அவர்கள் கேட்பதில்லை.

மரியதாஸ் ஜின்ஜாங்காரர்.
ஏர்கோன் கழுவுவார், காஸ் நிரப்புவார்.
மூன்று வேன், ஒன்பது ஆள்.
"தேடுனா நான் மொத ஆளா வரணும் தங்கச்சி"
என்று மட்டும் சொன்னார்.
எப்படி என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
ஒப்பந்தத்தில் 'வெளித்தொடர்புப் பணிகள்' என்றொரு வரி.
கம்பளம் மாதிரி அது,
அடியில் எதையும் தள்ளலாம்.

பினாங்கில், பாயான் பாருவில், ஹெங் சூன்.
முகம் பார்த்ததில்லை, வாட்ஸ்அப் மட்டும்.
வாடகை கட்ட ஆளில்லாமல் போன தளங்களை
ஏலத்தில் எடுப்பான்:
ஈப்போ பூப்பந்துக் குழு,
மூடிப்போன ஒரு பாலர் பள்ளி,
ஆண்டுக்கு ஒரு மலை ஏறிய ஓய்வுபெற்ற ஆசிரியர்கள்.
தோல் அப்படியே இருக்கும்.
உள்ளே வைக்கோல்.
ஒரு நீல வரிக்கு நூற்றெண்பது வெள்ளி,
வயதான தளமென்றால் நானூறு.
'விளம்பரம்' என்று முத்திரை உண்டா என்று
முதல் தடவை கேட்டேன்.
சிரிக்கும் முகம் ஒன்று அனுப்பினான்.

நாற்பத்தொரு வரி வாங்கினேன்.
முப்பத்தாறாவது
தைப்பிங்கில் ஒரு நோயாளிகள் உதவிக் குழுவின் பக்கம்.

ரத்தம் தேவை. ஓ நெகட்டிவ். அவசரம்.
அஞ்சலிதேவி, வார்டு 6.
ஒரு கைப்பேசி எண்.
பதினோரு ஆண்டு பழைய தேதி.
அதற்கு அடியிலேயே என் வரி, அடிக்கோட்டோடு:
'கோலாலம்பூரில் மலிவான ஏர்கோன் சர்வீஸ்'.

பார்த்தேன்.
திரையை மூடிவிட்டுப் பசியாறப் போனேன்.

எட்டு மாதம் நன்றாகத்தான் போனது.
நாலாவது வேன் எடுத்தார்.
தீபாவளிக்கு முறுக்கு டின் வந்தது,
ஆபீஸே தின்றது.
பிறகு ஒரு வியாழக்கிழமை
மரியதாஸ் பதினொன்றாம் பக்கத்தில் கிடந்தார்.
அங்கே தப்பித் தவறியும் யாரும் வருவதில்லை.

"போன் கெட்டுப் போச்சான்னு
என் நம்பருக்கு நானே அடிச்சுப் பாத்தேன் தங்கச்சி.
மணி அடிக்குது.
நாலு நாளா ஒரு ஆளும் கூப்புடல.
நான் என்ன தப்பு செஞ்சேன்?"

விதிமுறை மாறிவிட்டதாம், சொல்லச் சொன்னார் மேலாளர்.
சொன்னேன்,
மழை பெய்து வெள்ளம் வந்ததைச் சொல்வதுபோல.
மழையை நாற்பத்தொரு தவணையில்
வாங்கியவள் நான் என்று சொல்லவில்லை.
அந்த மாதக் கடைசியில்
இரண்டு ஆட்களை நிறுத்தினார்.
ஒருவன் பெயர் எனக்குத் தெரியும், குமரகுரு.
முறுக்கு டின்னைக் கொண்டுவந்து தந்தவன்.

இப்போது என் வேலை கழுவுவது.
'தயவுசெய்து நீக்கவும்' என்று நாற்பத்தொரு கடிதம்.
பாதிப் பேர் பதில் போடவில்லை.
ஹெங் சூன் போட்டான்:
நீக்க அறுபது வெள்ளி.

என் கைக்காசில் கட்டினேன்.
கட்டிவிட்டுக் கேட்டேன்:
அந்த ரத்த அறிவிப்பையும் எடுத்துவிடேன்,
அதற்கும் தருகிறேன்.

உடனே பதில் வந்தது:
அது மட்டும் முடியாதுலா.
அதுதான் அங்கே நிஜம்.
அதை வைத்துத்தான் பக்கத்துக்கே மதிப்பு.

அந்த எண்ணை விரலால் பாதிவரை அழுத்தியிருக்கிறேன்,
இரண்டு தடவை.

மறுநாள் போய்ப் பார்த்தேன்.
ரத்தம் தேவை. ஓ நெகட்டிவ். அவசரம்.
அடியில், என் வரி இருந்த இடத்தில்,
வேறொரு நீலம்:
'ஒரே நாளில் கடன். ஜாமீன் வேண்டாம்.'